கார்க் கண்ணாடியில் உப்புக்கறை: நீக்கிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவி வெயிலில் உலரவிட்ட காரின் கண்ணாடியில் தோன்றும் வெண்புள்ளிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், அவற்றுள் சில கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் படிவுகள், மற்றவை கண்ணாடியே அரிக்கப்பட்டதால் உண்டான நுண்ணிய பள்ளங்கள். கடைகளில் கிடைக்கும் நீக்கிகளுள் பெரும்பாலானவை படிவைக் கரைப்பதற்காகவே செய்யப்பட்டவை. பள்ளத்தின்மேல் அவற்றை எத்தனை முறை ஊற்றித் தேய்த்தாலும் பயனில்லை. ஆகவே எந்த நீக்கியையும் மதிப்பிடுமுன் அது எந்தக் கறைக்கு உரியது என்று தெளிவது அவசியமாகிறது.

கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருக்கும் நீரே கடின நீர் எனப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வகுத்துள்ளது. இத்தகைய நீர்த்துளி ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த பைகார்பனேட் கரியமில வாயுவை இழந்து, கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் படிவாக, பெரும்பாலும் துளியின் விளிம்பில் வளையமாக இறுகுகிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவும் இப்படிவோடு சேர்ந்துவிடுவதால், நாளாக ஆக அது அமிலத்துக்கும் எளிதில் மசியாததாகிறது. இதற்கு அடுத்த கட்டம்தான் அரிப்பு. கார்க் கண்ணாடி சிலிக்காவோடு சோடியம், கால்சியம் ஆக்சைடுகள் கலந்த பொருளாதலால், அதன்மீது நீர் நெடுநேரம் தங்கும்போது சோடியம் அயனிகள் நீருக்குள் கசிந்து அதைக் காரத்தன்மை உடையதாக்குகின்றன. அந்தக் காரமே பிறகு கண்ணாடியின் சிலிக்கா வலையமைப்பைச் சிதைக்கத் தொடங்குகிறது. அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் கான்கிரீட் கூரை வழியாகச் சொட்டும் நீர் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வலுவான காரமாக விழுகிறது. சாதாரணக் கழுவுநீரைவிட அது மிக விரைவில் கண்ணாடியையும் வண்ணப்பூச்சையும் கெடுக்கும்.

நீக்கிகளுள் முதலில் கையாளத்தக்கவை வினிகரும், மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலமும் ஆகும். சுமார் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம் கொண்ட வெள்ளை வினிகர் புதிய படிவை நன்றாகவே கரைக்கிறது; ஆனால் செங்குத்தான பக்கக் கண்ணாடியில் நில்லாமல் வழிந்துவிடுவதால், மெல்லிய காகிதத் துண்டை அதில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டிச் சில நிமிடங்கள் விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. 100 மில்லிலிட்டர் நீரில் 5 முதல் 10 கிராம் வரை எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பயன்படுத்துவது இதனினும் சிறந்தது: வினிகரின் நெடி இல்லை, செலவு மிகக் குறைவு, சிட்ரிக் அமிலம் கால்சியம் அயனிகளைப் பற்றிக்கொள்வதால் பழைய படிவும் ஓரளவு இளகுகிறது. உலரவிட்டால் அதுவே ஒட்டும் படலமாகிவிடும் என்பது இதன் குறை. இரண்டையும் நிழலில், குளிர்ந்த கண்ணாடியில் மட்டுமே பயன்படுத்தி, ரப்பர் விளிம்புகளும் வண்ணப்பூச்சும் உட்பட நிறைய நீரால் அலச வேண்டும். பிளீச்சிங் பொருள்களோடு கலந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும் என்பதால் அவற்றை அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

அமிலத்துக்குப் பின்னும் எஞ்சும் சொரசொரப்பை, நான்கு சுழி என்று குறிக்கப்படும் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சு சோப்பு நீரின் வழுக்கலோடு மெதுவாகத் தேய்க்கப்படும்போது அகற்றிவிடுகிறது. சமையலறைக் கம்பிச் சுருள் இதற்கு மாற்றாகாது. அது கீறலை விட்டுச்செல்லும்.

சில நீக்கிகள் உடனடிப் பலன் தருவதன் காரணம், அவற்றில் அம்மோனியம் பைஃபுளோரைடு போன்ற ஃபுளோரைடு சேர்மங்கள் இருப்பதாகும். நீரோடு சேர்கையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை உருவாக்கும் இவை சிலிக்காவைக் கரைப்பதால் பிடிவாதமான படிவும் போய்விடுகிறது, கண்ணாடியின் பரப்பும் உடன் கரைகிறது. இவ்வமிலம் தோலில் பட்டவுடன் வலி தெரியாமலே உள்ளிறங்கித் திசுக்களையும் இரத்தத்தின் கால்சியத்தையும் தாக்கக்கூடியது. குப்பியின் உறையில் இப்பெயர்கள் காணப்பட்டால், எவ்வளவு மலிவாயினும் அதை வீட்டுக்குக் கொண்டுவராதிருப்பதே சரி.

துடைத்து உலர்ந்த கண்ணாடியில் நகத்துக்கு எதுவும் தட்டுப்படாமலும், சாய்ந்த ஒளியில் மட்டும் வளையங்கள் தெரிந்துகொண்டும் இருந்தால், அது பெரும்பாலும் அரிப்பே. அதற்கு உரியது சீரியம் ஆக்சைடு. அருமண் தனிமமான சீரியத்தின் இந்த ஆக்சைடு நெடுங்காலமாக லென்சுகளை மெருகேற்றப் பயன்பட்டுவருவது. வெறும் உராய்வால் மட்டுமன்றி, நீரின் முன்னிலையில் கண்ணாடியின் சிலிக்காவோடு வேதிப்பிணைப்பு கொண்டு அதை நுண்ணிய அளவில் பெயர்த்தெடுப்பதால், கீறலின்றி வழவழப்பைத் தருகிறது. பொடியை நீரில் மோர்ப்பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் பேடு பொருத்திய மெருகேற்றும் இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, பரப்பு ஒருபோதும் உலராதபடி நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். உலர்ந்து சூடேறினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். வெறுங்கையால் தேய்ப்பதற்குப் பலன் மிகச் சொற்பம். பக்கக் கண்ணாடியில் இம்முறை அளிக்கும் தெளிவுக்கு மேற்சொன்ன எதுவும் ஈடாகவில்லை. ஆனால் முன்கண்ணாடியில் ஆழ்ந்த பள்ளத்தை இதனால் போக்க முயல்வது தவறு. ஓரிடத்தில் மட்டும் பரப்பு தேய்ந்து பள்ளமாகும்போது அது லென்சு போலக் காட்சியை வளைக்கிறது, இரவில் எதிரே வரும் விளக்கொளியில் ஓட்டுநரின் பார்வையைக் குழப்புகிறது. அந்த நிலையில் கண்ணாடியை மாற்றுவதே தகும்.

தடுப்பைப் பொறுத்தவரை, வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரால் கார் கழுவும் வழக்கம் தனியே குறிப்பிடத்தக்கது. நீரை வீணாக்காத அந்த எண்ணம் போற்றத்தக்கதே ஆயினும், மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் தூய நீராகப் பிரிக்கப்படும்போது எஞ்சும் இரண்டு லிட்டரில் உப்பின் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. அந்நீரைச் சக்கரங்களுக்கும் தரைக்கும் பயன்படுத்திவிட்டு, கண்ணாடிக்கு மட்டும் ஒரு குவளை மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ இறுதி அலசலாக ஊற்றி, துளிகள் உலருமுன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டால், மேற்கூறிய நீக்கிகளுக்கு வேலையே இராது.