காதால் ஒரு தவம், காலால் ஒரு தவம்

இலங்கையின் மன்னார்ப் பக்கம் தவக்காலம் காது வழியாக நுழைகிறது. கோயிலில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்க, ஒருவர் வியாகுலப் பிரசங்கத்தை ராகம் இழுத்து வாசிப்பார். மாதா தன் மகனைப் பார்த்துப் புலம்பும் இடத்தில் வாசிப்பவர் குரல் தழுதழுக்கும். பின்வரிசையில் ஒரு முக்காட்டுக்குள்ளிருந்து விசும்பல் எழும். வாசிப்பு நிற்காது.

கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய நூல் அது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலம். இருந்த சில குருக்களும் ஒளிந்து ஒளிந்துதான் ஊர் ஊராகப் போனார்கள். இந்த நூல் கையில் இருந்தால், குருவானவர் வராத ஊரிலும் ஆண்டவரின் பாடுகளை மக்கள் கூடி வாசிக்கலாம், கூடி அழலாம். அந்த அழுகையில் இது என் பாவம், அது உன் பாவம் என்ற பிரிவு இல்லை. ஊரே குற்றவாளி, ஊரே மன்னிப்புக் கேட்கிறது.

தமிழகத்தில் எங்கள் தவம் காலில் இருக்கிறது. சிலுவைப்பாதை இரு கரைக்கும் பொதுதான். ஆனால் நாங்கள் அதை மலையேற்றமாகவே ஆக்கிக்கொண்டோம். சென்னை பரங்கிமலையில் 130க்கும் மேற்பட்ட படிகள், வழிநெடுக 14 நிலைகள். மூட்டுவலிக்காரப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு நிலையிலும் படியில் கையூன்றி முழந்தாளிடுவார். எழுந்திருக்க யாராவது தோள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் ஏறி முடித்ததும், வேண்டுதலைச் செலுத்திவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதி எங்களுக்கு வந்துவிடுகிறது. கல்வாரியில் நடந்தது நாம் கட்டித் தீர்க்கும் கடன் அல்ல. நமக்காக ஏற்கெனவே கொடுக்கப்பட்ட பலி. இந்த ஒன்றில் மன்னார்க்காரர்களின் அழுகையே எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது.

இந்த இரண்டு தவமும் சந்திக்கும் இடம் கச்சத்தீவு. அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்திலேயே வரும். ராமேசுவரத்துப் படகும் யாழ்ப்பாணத்துப் படகும் ஒரே கரையில் ஒதுங்கும். மாலையில் ஒரே மணலில் சிலுவைப்பாதை நடக்கும். ஒரே மொழியில் செபம்.

ஆனால் எங்கள் இழுவைமடி இலங்கை மீனவர்களின் வலைகளை அறுத்திருக்கிறது, கடலடியை வழித்திருக்கிறது. எங்கள் மீனவர்கள் அவர்கள் நாட்டுச் சிறையில் கிடந்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் 2024இல் ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கோபம் நியாயமானதுதான். என்றாலும், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு. அதைக் காதால் கேட்டு அழுகிறவர்களும் செய்யவில்லை, காலால் ஏறுகிறவர்களும் செய்யவில்லை.

அடுத்த திருவிழாவுக்குப் படகேறும் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிலுவைப்பாதை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த நெடுந்தீவுக்காரரிடம், அவருடைய வலை என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள்.