சோவியத் சிறுவர் எழுத்தில் கருத்தியல்: விகுதியும் விளியும்

சோவியத் காலச் சிறுவர் இதழ்களையும் நூல்களையும் கருத்தியல் நோக்கில் ஆராய்வோர் முழக்கங்களையும் படங்களையுமே பெரிதும் சான்றாகக் காட்டுவர். முழக்கம் எளிதில் கண்ணிற்படும். மொழிபெயர்ப்பிலும் எளிதில் கடந்துவரும். இலக்கண உறுப்புகளில் தங்கிய கருத்தியல் அவ்வாறு கடப்பதில்லை.

அக்காலத் தணிக்கையாளரும் மொழியைக் கூர்ந்தே நோக்கினர். லெனின்கிராடில் 1928இல் தோன்றிய 'யோஷ்' என்னும் இதழின் பெயர் முள்ளெலியைக் குறிக்கும். 'மாத இதழ்' என்னும் ருசியத் தொடரின் சுருக்கமும் அதுவே. அதில் எழுதிய தனீல் ஹார்ம்ஸ் 1931 இறுதியில் கைதானபோது அவருடைய சிறுவர் பாடல்களும் குற்றத்திற்குச் சான்றாயின. பொருளற்ற சொல்லாடலுக்கும் அரசு பொருள் கண்டது போலும்.

நம்மை எட்டியவை பெரும்பாலும் பிந்திய காலத்து நூல்கள். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் மாஸ்கோவில் அச்சிட்டவற்றைத் தமிழகத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுசும், கேரளத்தில் திருவனந்தபுரம் பிரபாத் புக் ஹவுசும் பரப்பின. மலையாளத்திற்கு ஓமனா கோபாலகிருஷ்ணனும் அவர்தம் கணவரும் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தனர், தமிழுக்குப் பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா முதலியோர் பணியாற்றினர்.

தமிழில் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என வழங்கும் ராஸ்கினின் நூல் இங்கு உற்றுநோக்கத்தக்கது. தந்தை மகளுக்குத் தம் இளமைக் குறும்புகளைப் படர்க்கையில் வைத்துச் சொல்கிறார். புதிய பந்தை மோட்டார் வண்டியின் அடியில் எறிந்த கதை அவற்றுள் ஒன்று. பெரியோரும் ஒருகாலத்தில் தவறிய சிறுவரே என்னும் சமநிலையே நூலின் உயிர். ருசிய இறந்தகால வினை பாலும் எண்ணும் மட்டுமே காட்டும், மதிப்பைக் காட்டாது. மலையாள வினைமுற்று பால் காட்டும் விகுதியை இழந்துவிட்டமையால் 'எறிஞ்ஞு' என்னும் ஒரே வடிவம் தந்தைக்கும் சிறுவனுக்கும் பொருந்தும். (அவன், அயாள், அத்தேஹம் எனப் பெயர்ச்சொல்லில் படிநிலை அங்கும் உண்டு, ஆயினும் பெயரைத் தவிர்த்து எழுத மலையாளம் இடந்தரும்.) தமிழுக்கு அவ்வசதி இல்லை. 'அப்பா பந்தை எறிந்தார்' என்றால் சிறுவன் மறைகிறான். 'எறிந்தான்' என்றால் மகள் வாயில் அப்பா என்னும் உறவு குலைகிறது. ஒவ்வொரு முற்றிலும் இச்சிக்கல் மீள்கிறது. முன்னிலையில் இத்தொல்லை இல்லை. ருசியத்திலும் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு உண்டு.

'தவாரிஷ்' என்னும் விளிக்கு நேரான 'தோழர்' இதற்கு மறுதலையானது. 1932இல் சோவியத் பயணத்திலிருந்து மீண்ட பெரியார் திரு, ஸ்ரீ என்பவற்றிற்கு மாற்றாக அச்சொல்லை வழங்கச் சொன்னார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அதன் அர் ஈறு, 'வந்தார்' என்னும் முற்றையே வேண்டும். தமிழில் சமத்துவம் எல்லோரையும் உயர்த்தியே வரமுடியும் என்பதை அவ்வீறு காட்டுகிறது. ஆனால் 1940இல் வெளிவந்த கைதாரின் கதைத்தலைவன் தைமூர் ஒரு சிறுவன். 'தோழர் தைமூர் வந்தார்' என எழுதினால் தமிழ்ச் சிறுவர் நகைப்பர். 'தோழன் தைமூர் வந்தான்' என்றாலோ, அரசியற் சொல் வெறும் நட்புச் சொல்லாகிவிடும்.