கடலோர ஓட்டத்துக்கு எந்த இதயத்துடிப்புக் கடிகாரம்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை தடுப்பு வைத்துவிட்டால் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் வராது. தெற்கே டூப்ளே சிலை, வடக்கே பழைய சாராய ஆலை, நடுவில் காந்தி சிலை. இடையில் இருக்கும் சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் விடிவதற்கு முன்பே ஓட்டக்காரர்கள் ஏறி இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆரோவில் மாரத்தான் 2008இல் தொடங்கியது. அதற்குத் தயாராகிறவர்கள், உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள், லாஸ்பேட்டை மைதானத்தைச் சுற்றி வருகிறவர்கள் என யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு கடிகாரம். அவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் இரண்டுதான்: "அண்ணா, இது காட்டுற ஹார்ட் ரேட்டை நம்பலாமா? இந்த உப்புக்காத்துல எத்தனை வருஷம் தாங்கும்?"

இந்தக் கோடை முழுக்கச் சில கருவிகளைக் கட்டிக்கொண்டு ஓடிய பிறகு, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துடிப்பை அளக்கும் வேலையையும் அதைக் காட்டும் வேலையையும் ஒரே பொருளிடம் கொடுக்காதீர்கள். அளப்பதற்கு நெஞ்சில் கட்டும் பட்டை. காட்டுவதற்குப் பட்டன் வைத்த எளிய கடிகாரம். நம் ஊருக்கு இந்த ஜோடிதான் உழைக்கும்.

இங்கே இதயத்துடிப்பைப் பார்த்து ஓடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மார்கழியில் சிரமமில்லாமல் ஓடும் வேகத்தையே கத்திரி வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்கு ஓடிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மூச்சு முட்டும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, உடல் குளிர்வதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் பாய்கிறது, வியர்வையில் நீர் இறங்குகிறது, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் கூடுதல் முறை துடிக்கிறது. வேகம் ஏறவே இல்லை, துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதைத்தான் கோச்சுகள் 'கார்டியாக் டிரிஃப்ட்' என்கிறார்கள். குளிர் நாட்டில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையில் 'கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம், ஈசி ரன்' என்று போட்டிருந்தால், மே மாதப் புதுச்சேரியில் அது ஈசி ரன் ஆகாது. உடம்பின் உண்மையான உழைப்பைச் சொல்வது துடிப்பு எண்தான். அந்த எண் தப்பாக இருந்தால் கடிகாரம் வாங்கியே பயனில்லை.

மணிக்கட்டில் கருவி கட்டித் துடிப்பைப் பதிவு செய்யும் யோசனை இந்தத் தலைமுறையில் வந்ததல்ல. எத்தியேன் ழூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியலாளர் 1860இலேயே மணிக்கட்டில் கட்டும் நாடிப் பதிவுக் கருவியை உருவாக்கினார். நாடி எழும்பும்போது ஒரு மெல்லிய நெம்புகோல் அசைந்து, கரி படிந்த தாளில் கோடு போடும். ஓடுகிறவர் கட்டிக்கொள்ளக் கூடிய கம்பியில்லாக் கருவி வர இன்னும் 120 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1977இல் பின்லாந்தில் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் அதைக் கொண்டுவந்தது. அது நெஞ்சுப்பட்டைதான். இன்றைய பட்டைகளும் அதே முறையில்தான் வேலை செய்கின்றன: இதயம் துடிக்கும்போது தோலில் எழும் மின் அதிர்வை இரண்டு மின்முனைகள் பிடிக்கின்றன.

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு வேறு வழியில் போகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துக் கடிகாரம் கணக்குப் போடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது கை ஆடுகிறது, கடிகாரம் நகர்கிறது, வியர்வை இடையில் புகுகிறது. சில சமயம் கடிகாரம் துடிப்பை விட்டுவிட்டு நம் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 170 அடி எடுத்து வைக்கிறவர் மெதுவாக ஓடினாலும் திரையில் 170 என்று நிற்கும். நான் கட்டிப் பார்த்த மலிவு விலைக் கடிகாரம் ஒன்று இதையே செய்தது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் என்னை உச்ச மண்டலத்தில் காட்டியது. கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். கடையில் வாங்கி வந்த வாரத்திலேயே இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும்.

கறுத்த தோலில் இந்தப் பச்சை விளக்கு வேலை செய்யாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல தோல் நிறங்களைக் கொண்ட 53 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்ட முடிவு இந்தக் கவலையைக் குறைக்கிறது. தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உடல் அசையும்போது ஏற்படும் பிழை, ஓய்வில் ஏற்படுவதைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆக, சிக்கல் அசைவில் இருக்கிறது.

என் அனுபவமும் அதுதான். கடற்கரைச் சாலையில் ஒரே சீரான ஓட்டத்தில், முதல் பத்து நிமிடம் கழிந்த பிறகு, நல்ல கடிகாரத்தின் பச்சை விளக்கும் நெஞ்சுப்பட்டையும் ஒன்றையொன்று ஒட்டியே போயின. உப்பளத்தில் 400 மீட்டர் இன்டர்வல் ஓடியபோது கதை மாறியது. பட்டையின் எண் உடனுக்குடன் ஏறியது. மணிக்கட்டின் எண் தயங்கித் தயங்கி உச்சத்துக்கு வரும்போது அந்தச் சுற்றே முடிந்து நான் நடந்துகொண்டிருந்தேன். இன்டர்வல் பயிற்சிக்கு மணிக்கட்டை நம்புவது வீண்.

நான் கட்டியது போலார் ஹெச்10 பட்டை. பட்டன் செல்லில் ஓடுகிறது: சிஆர்2025, சுமார் 400 மணி நேரம் வரும் என்கிறது நிறுவனம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு வருடத்துக்கு மேல். செல் தீர்ந்தால் நேரு வீதியில் ஏதாவது ஒரு கடிகாரக் கடையில் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டிலும் பேசும்; ஒரு பயிற்சியைத் தன் நினைவகத்திலேயே சேமிக்கும். கார்மினின் ஹெச்ஆர்எம் டூயல் பட்டையும் இதே வகைதான், சிஆர்2032 செல் போடுவது. கட்டும் முன் மின்முனைகளை நனைக்க வேண்டும். நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும் என்றாலும் தொடக்கத்து எண்கள் தாறுமாறாக வராமலிருக்க நனைத்தே கட்டுங்கள். ஓடி முடித்ததும் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஈரப் பட்டையில் அப்படியே விட்டால் அது விழித்தே இருந்து செல்லைத் தின்னும். பட்டையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். துணி நாளடைவில் தளரும். அப்போது பட்டையை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம், சென்சார் அப்படியே இருக்கும். எந்தப் பாகம் தேய்ந்தாலும் அதை மட்டும் மாற்ற முடிகிறது என்பதுதான் நான் இதை இவ்வளவு விரும்பக் காரணம்.

இனி உழைப்பு. விளம்பரங்கள் கண்ணாடியின் பலத்தைப் பற்றியும் 'ராணுவத் தரம்' பற்றியும் பேசுகின்றன. அந்தத் தரத்தைக் குறிக்கும் எம்ஐஎல் 810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எதைச் செய்து பார்த்தோம் என்று சொல்வது தயாரிப்பாளர்தான். எந்த ராணுவமும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. கடலோரத்தில் விளையாட்டுக் கடிகாரத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் சார்ஜ் முனைகள். வியர்வை உப்பும் கடல் உப்பும் படிந்த ஈர முனையில் சார்ஜரை மாட்டினால் மின்சாரம் பாய்ந்து உலோகம் அரிக்கத் தொடங்கும். சில மாதத்தில் முனை கறுத்து, சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். திரை, கண்ணாடி, பட்டன் எல்லாம் புதுசாகவே இருக்கும், கடிகாரம் மட்டும் செத்திருக்கும். அலசி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்ற பழக்கம் ஒன்றே கடிகாரத்தின் ஆயுளைக் கூட்டும்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கிய பிறகு தளரும். தினமும் சார்ஜ் கேட்கும் கடிகாரம் வருடத்துக்கு 365 முறை அதைச் செலவழிக்கிறது. வாரம் ஒரு முறை கேட்பது ஐம்பது சொச்சம் முறைதான். ஒரே தரமான பேட்டரி என்றாலும் இரண்டாவது பல வருடம் கூடுதலாக வரும். கடையில் 'எத்தனை நாள் சார்ஜ் நிற்கும்' என்ற கேள்வியை வசதிக்காகக் கேட்கிறோம். உண்மையில் அது ஆயுளைப் பற்றிய கேள்வி.

'5 ஏடிஎம்' என்றால் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான நீரழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் அசையாமல் தாங்கியது என்று பொருள். நீச்சலுக்கு அது போதும். வெந்நீரும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும் என்பதால் குளிக்கும்போது கழற்றுங்கள். கடலில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஸ்ட்ராப் பொதுவான அளவில் இருக்கிறதா, எந்தக் கடையிலும் கிடைக்குமா என்றும் பார்த்து வாங்குங்கள். வியர்வையில் முதலில் அறுந்து போவது அதுதான்.

கடிகாரத்தில் நான் அதிகம் ஓடியது கார்மின் ஃபோர்ரன்னர் 55உடன். 2021இல் வந்த பழைய மாடல். எடை 37 கிராம், 5 ஏடிஎம், டச் ஸ்கிரீன் கிடையாது, ஐந்து பட்டன்கள். வியர்வை விரலோடு டச் ஸ்கிரீனைத் தடவிக்கொண்டிருந்தவர்களுக்குப் பட்டனின் அருமை தெரியும். சாதாரணப் பயன்பாட்டில் இரண்டு வாரம், ஜிபிஎஸ் போட்டால் 20 மணி நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. திரை பளபளப்பானதல்ல, வீட்டுக்குள் மங்கலாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் கூடக்கூடத் தெளிவாகும் வகை அது. நம் கடற்கரைச் சாலை கிழக்குப் பார்த்தது. ஆறரை மணிக்குக் கடலின் மேலிருந்து வெயில் நேராக அடிக்கும்போது இந்தத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தே எண்ணைப் படித்துவிடலாம். உயரம் அளக்கும் காற்றழுத்தமானி இதில் இல்லை. மேடே இல்லாத நம் ஊரில் அது குறையே அல்ல. கடல் நீச்சலுக்கான பதிவு வசதி இல்லை என்பதுதான் குறை. குளத்து நீச்சல் மட்டும்.

வண்ணத் திரை வேண்டும் என்பவர்களுக்கு 2024இல் வந்த ஃபோர்ரன்னர் 165 இருக்கிறது. அழகான அமோலெட் திரை, பட்டனும் உண்டு. கூடுதல் விலை பெரும்பாலும் அழகுக்குத்தான் என்பது என் கருத்து. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கோரோஸ் பேஸ் 3ஐப் பாருங்கள்: நைலான் ஸ்ட்ராப்போடு 30 கிராம்தான், ஜிபிஎஸ்ஸில் 38 மணி நேரம் என்று சொல்கிறார்கள். எதை வாங்கினாலும் சர்வீஸ் எங்கே கிடைக்கும், இங்கேயா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்பந்து, கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்கள் மணிக்கட்டில் எதுவும் கட்டவே கூடாது, எதிராளிக்கு அடிபடும். நெஞ்சுப்பட்டை இறுக்கமாகத் தோன்றினால் போலார் வெரிட்டி சென்ஸ் போன்ற புஜப்பட்டை நல்லது. அதுவும் பச்சை விளக்குதான், ஆனால் மேல்கை மணிக்கட்டைப் போல மடங்கி ஆடுவதில்லை என்பதால் எண் நிலையாக வரும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பயிற்சி மண்டலங்களைப் பல கருவிகள் '220 கழித்தல் வயது' என்ற கணக்கில் அமைத்துவிடுகின்றன. 2001இல் வந்த தனகா கணக்கு, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. நாற்பது வயதில் இரண்டும் 180. இருபதில் 200க்கு 194. அறுபதில் 160க்கு 166. இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூட வேறுபடும். பட்டை கட்டிக்கொண்டு கடும் ஓட்டம் ஒன்றில் வரும் உங்கள் சொந்த உச்ச எண்ணைப் பதிவு செய்வதே சரி. இதய நோய் உள்ளவர்களும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தச் சோதனைக்குப் போகக் கூடாது. அவர்களுக்கான எல்லையை மருத்துவர் சொல்லட்டும்.

உப்பளத்தில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்கிறது என்று கடன் வாங்கிப் பெரிய கடிகாரம் எடுக்க வேண்டாம். நெஞ்சுப்பட்டை வீட்டில் இருக்கும் செல்போனிலேயே இலவச செயலியோடு இணையும். கோச்சுக்கு வேண்டிய எண் அதிலேயே கிடைத்துவிடும். அலசிக் கட்டினால் அண்ணனும் தங்கையும் ஒரே பட்டையை மாறி மாறிப் பயன்படுத்தலாம். முதலில் பட்டையை வாங்கிக் கொடுங்கள். கடிகாரம் அடுத்த தீபாவளிக்கு வரட்டும்.