இரண்டு போர்களுக்கு நடுவே ஒரு நூல்

ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சின் செர்னோபில் நூல் 1997இல் ரஷ்ய மொழியில் வந்தது. 'வாய்சஸ் ஃப்ரம் செர்னோபில்' என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் வாசித்தேன். இந்த நூலைப் பற்றி நண்பர்களோடு பேசினால் பேச்சு தொடக்கப் பகுதியிலேயே நின்றுவிடும். தீயணைப்பு வீரரின் மனைவி தன் கணவன் செத்த கதையைச் சொல்லும் பகுதி அது. படித்தவர் யாரும் மறக்க முடியாது. ஆனா நூலை மூடிய பிறகும் என்னை விடாமல் துரத்தியது வேறு ஒன்று. 'போர்' என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

பேசுகிறவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரைப் பார்த்த கிழவர்கள், கிழவிகள். நடந்தது என்ன என்று அவர்களுக்குப் புரியவில்லை. பட்டாளம் வருகிறது, ஊரைக் காலி பண்ணச் சொல்கிறது, ஹெலிகாப்டர் பறக்கிறது. அப்போ இது போர்தானே? ஆனா எதிரியைக் காணோம். ஆப்பிள் பழுத்திருக்கிறது, மாடு பால் கொடுக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது. தெரிந்த ஒரே பேரழிவை வைத்துத் தெரியாததை அளக்கிறார்கள், அளவுகோல் பொருந்தவில்லை. அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டதுதான் அலெக்சியேவிச்சின் பலம்.

நூலின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. அவருக்குப் போர் பழைய உலகம், செர்னோபில் புதிய உலகம். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது போல நூல் நகர்கிறது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நாளில் சந்திக்கும் என்று நூலில் யாரும் நினைக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று அது நடந்தது. ரஷ்யப் படை செர்னோபிலுக்குள் நுழைந்தது. வேலையில் இருந்த ஷிஃப்ட் ஆட்கள் 3 வாரத்துக்கு மேல் மாற்று ஆள் இல்லாமல் அங்கேயே கிடந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி வெளி மின்சாரமும் போனது. 2025 பிப்ரவரி 14 அன்று ஒரு டிரோன் அந்த உலையை மூடியிருக்கும் பெரிய கவசத்தையே துளைத்தது. நூலில் உவமையாக இருந்த போர் நேரில் வந்து நின்றது.

அணு என்றதும் நம் கவிதைகளுக்கும் மேடைப் பேச்சுக்கும் காளான் மேகம்தான் ஞாபகம் வருகிறது. மின் உலை அணுகுண்டு போல வெடிக்காது. ஆபத்து வேறு வகையானது. நான் ஒரு செம்பனை ஆலையில் வேலை பார்க்கிற மெக்கானிக்கல் ஆள். பாய்லரில் தீயை நிறுத்தினாலும் சூடு உடனே அடங்காது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிடும். அணு உலையில் இதன் அளவு பயங்கரம். 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை நிறுத்திய கணத்திலும் அதில் சுமார் 6 விழுக்காடு வெப்பம் தொடர்கிறது, அதாவது 180 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 10 மெகாவாட்டுக்கு மேல் இருக்கும். எங்கள் ஆலை டர்பைன் ஒன்றரை மெகாவாட்தான். அந்தச் சூட்டை வெளியேற்றப் பம்ப் ஓடணும், பம்புக்குக் கரண்ட் வேணும். கரண்ட் போனால் ஜென்செட், ஜென்செட்டுக்கு டீசல், டீசலுக்கு லாரி, லாரிக்குக் குண்டு விழாத ரோடு. உலையின் கனமான சுவரைத் தொடாமலேயே போர் அதைக் கொல்ல முடியும்.

ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையமான சபோரிஷியாவில் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. 6 உலைகள். 2022 மார்ச் 4 அன்று ரஷ்யா பிடித்தது, அந்த ஆண்டு செப்டம்பருக்குள் உலைகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்து, குளிர்விக்கும் தண்ணீருக்கு நம்பியிருந்த நீர்த்தேக்கம் வற்றியது. 2025 செப்டம்பர் 23 முதல் ஏறக்குறைய ஒரு மாதம் வெளி மின்சாரம் இல்லாமல் டீசலிலேயே ஓட்டினார்கள். நிறுத்தி 3 ஆண்டு ஆனதால் சூடு குறைந்திருந்தது, அதனால் தாக்குப்பிடித்தது. ஓடிக்கொண்டிருந்த உலையாக இருந்திருந்தால் அத்தனை நாள் அவகாசம் கிடைத்திருக்காது.

அங்கே நிற்பவை வி.வி.இ.ஆர்.-1000 வகை உலைகள். ஈரானின் புஷேரில் இருப்பதும் கூடங்குளத்தில் இருப்பதும் அதே குடும்பம். கூடங்குளத்தின் வடிவம் புதியது என்பதை நியாயமாகச் சொல்லணும். மின்சாரம் இல்லாமலே காற்றால் வெப்பத்தை இறக்கும் ஏற்பாடு அதில் உண்டு. எரிபொருள் உருகினால் பிடிக்கும் தொட்டியும் உண்டு. ஆனா பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளமும், உள்ளே ஷிஃப்ட் பார்க்கிற மனிதரும், பக்கத்து இடிந்தகரையும் எந்த வடிவமைப்பாலும் போருக்கு வெளியே போய்விடவில்லை.

கூடங்குளம் கதையிலும் 'போர்' என்ற சொல் உண்டு. 2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்த மீனவர்கள் மீதும் பெண்கள் மீதும் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். தேசத்துரோகம் ஒன்று. அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தது இன்னொன்று. வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே 6 தீர்ப்பில் சொல்ல வேண்டியிருந்தது. செர்னோபில் கிழவிகள் புரியாததைப் புரிந்துகொள்ளப் 'போர்' என்றார்கள். இங்கே அரசு, கேள்வி கேட்டவர் வாயை மூட அதே சொல்லை எடுத்தது. நிஜமான போர் வந்தால் உலை என்ன ஆகும் என்ற கேள்வியும் அந்த மக்களின் பாதுகாப்புக் கேள்விக்குள் அடங்கியதுதானே?

இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் போட்டன. 1992 முதல் ஒவ்வொரு சனவரி 1ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் நடந்த 1999க்குப் பிறகும் அது நிற்கவில்லை. மதிக்க வேண்டிய விஷயம். ஆனா அது இரண்டு நாடுகளுக்கு இடையே மட்டும்தான். பட்டியலில் நிலையம் இருக்கும், அதற்குக் கரண்ட் கொண்டுவரும் கம்பி இருக்காது. 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பை அது தொடவில்லை என்றார்கள். சரி, ஆனா இனி தாக்குதல் எந்த வழியாக வரலாம் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

நெகிரி செம்பிலானில் தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். நம் தோட்டத்து நினைவில் அணு ஏற்கெனவே இருக்கிறது, ஆனா தலைகீழாக. ரந்தாவ் பக்கத்து லயத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு சயாம் மரண ரயில் என்றால் திரும்பி வராத அப்பா. ஹிரோஷிமா என்றால், "குண்டு போட்டாங்க, ஜப்பான்காரன் போயிட்டான்." அவ்வளவுதான். பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சயாமுக்கு ஆள் கொடுத்த குடும்பத்துக்கு விடுதலை அந்த வழியாகத்தான் வந்தது. மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதி நம் பக்கத்து இழப்பைப் பதிந்துவிட்டார்கள். அந்த விடுதலைக்கு வேறு ஊர்க்காரர் கொடுத்த விலையைப் பற்றி நம் எழுத்து இன்னும் அதிகம் பேசவில்லை.

இப்போ பேச வேண்டிய நேரம். பாங்கியில் 1982 முதல் இயங்குவது 1 மெகாவாட் ஆய்வு உலைதான், அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. ஆனா மலேசியா அணுமின்சாரத்தை மறுபடியும் பரிசீலிக்கத் தொடங்கியிருக்கிறது. விவாதம் செலவையும் கரியமில வாயுவையும் சுற்றியே நடக்கிறது. கட்டினால் 60 ஆண்டு நிற்கப்போகிற ஒரு நிலையம், அந்த 60 ஆண்டும் இந்த வட்டாரத்தில் சண்டையே வராது என்ற நம்பிக்கையையும் சேர்த்துக் கட்டப்படுகிறது. அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு என்று கேட்பது இன்ஜினியர் வேலை மட்டும் இல்லை.

அலெக்சியேவிச்சின் நூலை இன்று கையில் எடுப்பவர், கிழவிகள் பேசும் பக்கங்களைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கலாம். இது போரா இல்லையா என்று அவர்கள் குழம்பினார்கள். சபோரிஷியாவில் ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர் பேச்சைக் கேட்டு எழுத இன்னொரு நூல் வேண்டும்.