தெரிந்த பாட்டும் புதிய பின்னணியும்: காஞ்சிபுரம் மரபில் குரலும் வாத்தியமும்

கர்நாடக இசைக் கச்சேரிக்கு வருகிறவர் பெரும்பாலும் புதுப் பாட்டைத் தேடி வருவதில்லை. பல முறை கேட்ட பைரவிக் கிருதியை இன்றைக்கு இவர் எப்படிக் கையாளுகிறார் என்று பார்க்கவே வருகிறார். அமெரிக்க ஜாஸ் இசையிலும் இப்படியொரு பொதுச்சொத்து உண்டு. நியூயார்க் மேடை நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் கோல் போர்ட்டர், ஜார்ஜ் கெர்ஷ்வின் போன்றோர் எழுதிய மெட்டுகள் நாளடைவில் எல்லோரும் பாடும் பாட்டுகளாகி, 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரைப் பெற்றன. இரு மரபிலும் பாட்டு முன்பே தெரிந்தது; மாறுவது குரலும் அதற்குப் பின்னால் இருக்கும் வாத்தியங்களுமே. அந்த வாத்தியங்கள் பாடகருக்கு எவ்வளவு இடம் விடுகின்றன என்பதற்குக் காஞ்சிபுரத்துப் பாடகர்களிடமிருந்து இரண்டு நேரெதிர் விடைகள் கிடைத்தன. ஒன்று நயினாப் பிள்ளையின் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி. மற்றொன்று தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள் இசைக்குழுவுடன் பாடிய பாரதியார் பாட்டுகள்.

பாட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் காஞ்சி. சங்கீத மும்மூர்த்திகள் மூவருக்கும் இவ்வூரோடு தொடர்பு உண்டு. சியாமா சாஸ்திரியின் முன்னோர் காமாட்சி கோயிலில் பூசை செய்தவர்கள்; பங்காரு காமாட்சியின் பொன் விக்கிரகம் தஞ்சைக்குப் போனபோது உடன் போன குடும்பம் அது. முத்துசுவாமி தீட்சிதர் சில ஆண்டுகள் இங்கே தங்கி உபநிஷத் பிரம்மேந்திரருடன் பழகினார் என்பது வழிவழிச் செய்தி. ஏகாம்பரநாதரின் பிருதிவி லிங்கத்தைப் பாடும் 'சிந்தய மாகந்த' அவருடைய பைரவிக் கிருதி. தியாகராஜர் யாத்திரையாக வந்து வரதராஜப் பெருமாள் மீது ஸ்வரபூஷணியிலும் காமாட்சி மீது மத்தியமாவதியிலும் பாடினார். கோயில்களில் நாகஸ்வரமும் தவிலும் ஓயாது ஒலித்த ஊரில் தாளத்தை நுட்பமாகக் கேட்கும் காதுகளுக்கும் குறைவில்லை. அடுத்து வந்த ஃபுல் பெஞ்சுக்கு அந்தக் காதுகள்தான் முதல் தேவை.

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை 1889இல் பிறந்து 1934இல் மறைந்தார். இயற்பெயர் சுப்பிரமணியம். தாய் காமாட்சி அம்மாளும் பெரியம்மா தனகோடி அம்மாளும் அன்றைக்குப் பேர்பெற்ற பாடகிகள். தியாகராஜ கிருதிகளைத் திரட்டிப் பாடம் செய்வதில் அவருக்குத் தனி ஆர்வம். ஜலதரங்கம் ரமணய்யச் செட்டியார் அவருக்குப் பாட்டுகள் கிடைத்த இடங்களில் ஒருவர். காஞ்சியில் தியாகராஜர் உற்சவத்தை ஆண்டுதோறும் பெரிதாக நடத்தினார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது லயத்தால். கையில் தாளம் போட்டுக்கொண்டே, எடுப்பு எங்கே விழுகிறது என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாத பல்லவிகளையும் கணக்கு நிறைந்த ஸ்வரங்களையும் பாடுவார். அந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்க ஒரு மிருதங்கம் போதாது என்று நினைத்தாரோ, போதும் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லையோ, மேடையை வாத்தியங்களால் நிரப்பினார்.

நீதிமன்றத்தில் எல்லா நீதிபதிகளும் ஒன்றாக அமர்ந்து விசாரிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அந்தக் கச்சேரிக்குப் பட்டப்பெயராயிற்று. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று வரிசையாக அமர்வார்கள். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் வயலின், கும்பகோணம் அழகநம்பிப் பிள்ளையின் மிருதங்கம், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா, மன்னார்குடி பக்கிரியா பிள்ளையின் கொன்னக்கோல் ஆகியவை இந்த மேடையோடு சேர்த்துப் பேசப்படுபவை. இவர்களில் ஒருவரும் யாருக்கும் பின்னால் அடங்கி உட்காரக்கூடியவர் அல்லர். தட்சிணாமூர்த்திப் பிள்ளை மட்டுமே ஒரு முழுக் கச்சேரிக்குச் சமம் என்று கருதப்பட்ட காலம் அது.

இந்த அமைப்பில் வாத்தியங்களுக்கு முன்கூட்டி எழுதிய பாகம் கிடையாது. பாடகர் ஒரு கணக்கைப் போட்டால் மிருதங்கக்காரர் அதை அந்தக் கணமே பிடிக்க வேண்டும். கஞ்சிராக்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொன்னக்கோல்காரர் அதையே சொற்கட்டாக்கி வாயால் உதிர்க்க வேண்டும். தனி ஆவர்த்தனம் வந்தால் அது ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கும் சங்கிலியாக நீளும். பாடகர் தவறினால் காட்டிக்கொடுக்க ஏழெட்டுப் பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே பக்கவாத்தியம் என்ற பெயர் இங்கே அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. பாதி துணை, பாதி பந்தயம். இராகத்தின் நிழலும் சாகித்தியத்தின் மென்மையும் இவ்வளவு தாள வாத்தியங்களுக்கு நடுவே எவ்வளவு தப்பிப் பிழைத்திருக்கும் என்று ஐயப்படுவது நியாயமே. அதே தலைமுறையைச் சேர்ந்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வேறு வழியில் போனார். மத்தியம காலக் கிருதிகள், அளவான ஆலாபனை, சிறிய பக்கவாத்தியக் குழு என்று அவர் வகுத்த கச்சேரி முறைதான் பின்னர் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அரியக்குடியின் முறை வென்றதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. 1930களில் கச்சேரி மேடைக்கு ஒலிபெருக்கி வந்தது. அதற்கு முன் பாடகரின் குரல் தன் பலத்தாலேயே கூட்டத்தின் கடைசி வரிசையை எட்ட வேண்டியிருந்தது. பல வாத்தியங்கள் சூழ அமர்ந்து பாடுவது அந்தப் பலத்துக்கு ஒரு விளம்பரமும்கூட. மைக் வந்ததும் மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றோர் பெரிய இசைக்குழுவுக்கு மேலே ஏறத்தாழ பேச்சுக்குரலில் பாட முடிந்ததும் இதே கருவியால்தான். அங்கே மைக் வாத்தியங்களைப் பெருக்க வழிசெய்தது, இங்கே குறைக்க.

நயினாப் பிள்ளையின் குரல் இசைத்தட்டில் இல்லை. அவரை இன்று அறிய உள்ள வழி சீடர்களே. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) குருவின் லயப் பிடிப்பை அப்படியே எடுத்துக்கொண்டவர். 1954இல் சங்கீத கலாநிதியானார். மதுரை சோமு அவரிடம் பயின்றவர். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிக்கு வந்து நயினாப் பிள்ளையிடம் தியாகராஜ கிருதிகளைப் பாடம் செய்தார்கள். இது எதிர்பாராத சேர்க்கை. தனம்மாள் வீட்டு இசை தாழ்ந்த குரலில், சிறு அறையில், நுண்ணிய கமகங்களில் வாழ்ந்தது. ஃபுல் பெஞ்சின் ஆரவாரத்துக்குள் பதமான கிருதிப் பாடாந்தரமும் இருந்தது என்பதற்கு இந்தச் சகோதரிகளை விடச் சிறந்த சான்று இல்லை. மேலே எழுப்பிய ஐயத்துக்கு ஒரு பகுதி விடையும் இதிலேயே இருக்கிறது.

பட்டம்மாள் (1919–2009) நயினாப் பிள்ளையிடம் முறையாகக் குருகுலவாசம் செய்தவர் அல்லர். காஞ்சியில் வளர்ந்த சிறுமியாக அந்தக் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டவர். நயினாப் பிள்ளை நடத்திய பாட்டுப் போட்டியில் பரிசும் பெற்றார். தீட்சிதர் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும் டி. எல். வேங்கடராம ஐயரிடமும் கற்றார். இராகம் தானம் பல்லவி பெண்களுக்குரியதல்ல என்று மேடை வழக்கம் ஒதுக்கி வைத்திருந்தபோது அதைப் பொதுக் கச்சேரியில் பாடியவர். அவருடைய லயத் துணிச்சலின் ஊற்று காஞ்சிதான்.

இதே குரல்தான் இசைத்தட்டில் வேறொரு பின்னணிக்கு முன் வந்து நின்றது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம் ஓடும். ஆலாபனைக்கும் நிரவலுக்கும் அங்கே இடமில்லை. தொடக்க இசை, பல்லவி, இடையிசை, சரணம், முடிவு என்று எல்லாம் ஒத்திகையிலேயே அளந்து முடிக்கப்பட்டன. திரையிசையும் அப்படியே. 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி'யில் தேசபக்திப் பாட்டு ஒன்றின் மூலம் பட்டம்மாள் திரைக்குப் பின்னணி பாட வந்தார். காதல் பாட்டுகளை ஏற்பதில்லை, பக்திப் பாட்டும் தேசியப் பாட்டும் மட்டுமே என்ற கட்டுப்பாட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத்தயாரிப்புக்கு வந்தவர் ஏ. வி. மெய்யப்பன். பாரதியார் பாட்டுகளின் உரிமையை அவர் விலைக்கு வாங்கியிருந்தார். 1949இல் அதை அரசுக்கு விலையின்றி விட்டுக்கொடுத்தார். இடைப்பட்ட சில ஆண்டுகளில் அவருடைய படங்கள் பாரதியை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' படத்தில் ஆர். சுதர்சனத்தின் இசையில் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'யையும் 'வெற்றி எட்டுத் திக்கும்' பாட்டையும் பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். அடுத்த ஆண்டு 'வேதாள உலகம்' படத்தில் 'தீராத விளையாட்டுப் பிள்ளை', அதற்கடுத்து 'வாழ்க்கை'யில் 'பாரத சமுதாயம்'. தமிழில் எல்லோருக்கும் பொதுவான பாட்டுத் தொகுதி என்று ஒன்று கீர்த்தனைகளுக்கு வெளியே உருவானது என்றால், அது பாரதியின் இந்தப் பாட்டுகள்தாம். அமெரிக்க ஸ்டாண்டர்டுகளுக்கு இங்கே மிக நெருங்கிய உறவு அவையே.

இந்தப் பாட்டுகளில் பட்டம்மாளின் குரல் எப்படி இயங்குகிறது என்று கேட்டால் வேறுபாடு தெளிவாகும். கமகங்கள் குறுகிவிட்டன. சங்கதிகள் ஒன்றிரண்டோடு நிற்கின்றன. தாளம் நேர்நடையில், கும்மி கொட்டும் கைகளுக்கு ஏற்றபடி ஓடுகிறது. வாத்தியங்கள் சேர்ந்திசையாக ஒரே வரியை வாசித்து இடைவெளிகளை நிரப்புகின்றன. குரல் வந்ததும் ஒதுங்குகின்றன. காஞ்சிக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு தறிநாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓடி, இழைக்கு இழை பூட்டிக்கொள்வதுபோல் இரண்டும் தத்தம் எல்லையில் நிற்கின்றன. ஃபுல் பெஞ்சில் எல்லையே கிடையாது. நயினாப் பிள்ளையின் ஊரிலிருந்து வந்தவர் இவ்வளவு கட்டுக்குள் பாடினார் என்பது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் உச்சரிப்பின் துலக்கமும் சுருதியின் திண்மையும் மிஞ்சுகின்றன; அலங்காரம் நீங்கியதால் அவை கூடுதலாகவே கேட்கின்றன.

மேற்கில் இதே சிக்கல் நீண்ட இசைத்தட்டில் தீர்வைத் தேடியது. 1948இல் எல்பி தட்டு வந்தபின் ஒரு பாடகர் ஒரே மனநிலையில் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைத் தொகுத்துத் தர முடிந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956இல் கோல் போர்ட்டரின் பாட்டுகளைப் பட்டி பிரெக்மனின் இசையமைப்பில் பாடினார். 1959இல் கெர்ஷ்வின் சகோதரர்களின் பாட்டுகளை நெல்சன் ரிடிலின் இசைக்குழுவோடு ஐந்து தட்டுகளாகப் பாடினார். சிறு குழுவோடு பாடும்போது சொல்லே இல்லாத ஒலிகளால் நெடுநேரம் கற்பனை செய்யக்கூடியவர் அவர். இத்தொகுப்புகளில் மெட்டை ஏறக்குறைய எழுதியபடியே பாடுகிறார். பில்லி ஹாலிடே இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1958இல், ரே எல்லிஸின் வயலின் கூட்டத்துக்கு முன் பாடிய 'லேடி இன் சாட்டின்' இன்னும் சிக்கலானது. தேய்ந்து உடைந்த குரலும் வழுவழுப்பான தந்தி இசையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதனாலேயே அதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, ஒதுக்குகிறவர்களும் உண்டு. எழுதிவைத்த பின்னணி பாடகரின் கற்பனைக்கு எல்லை கட்டுகிறது, கூடவே குரலின் நிறத்தை வெளிச்சத்தில் நிறுத்துகிறது. பட்டம்மாளின் தட்டுகளிலும் நடந்தது இதுவே.

காஞ்சிப் பெயர் தாங்கிய இன்னொரு பாட்டும் இந்த வரிசையில் வரும். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இயற்றிய 'மைத்ரீம் பஜத' பாட்டுக்கு மெட்டமைத்தவர் இந்தித் திரையிசையமைப்பாளர் வசந்த் தேசாய். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடினார். அதே நிகழ்ச்சியில் ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாட்டும் இடம்பெற்றது. அதற்கு மேற்கத்திய முறையில் இசையமைத்தவர் சென்னையின் ஹாண்டல் மானுவல்.

ஃபுல் பெஞ்ச் இன்று அன்றாட வழக்கில் இல்லை. மிருதங்கத்தோடு கடமோ கஞ்சிராவோ முகர்சிங்கோ சேர்வதே பெரும்பாலான கச்சேரிகளின் எல்லை. கொன்னக்கோல் தனிக்கலையாகப் பிரிந்துவிட்டது. பட்டம்மாள் 2000இல் வெளிவந்த 'ஹே ராம்' படத்தில் இளையராஜாவின் இசையில் 'வைஷ்ணவ ஜனதோ' பாட்டுக்குக் குரல் கொடுத்தார். அப்படத்தின் பின்னணி இசை புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவால் வாசிக்கப்பட்டது.