தொழிலமைப்புகளின் கேடயச் சின்னங்கள்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

தொழிலமைப்பு ஒன்றின் கேடயச் சின்னத்தை அத்தொழிலின் படமாகக் கொள்வதே பொதுவழக்கு. தராசு எனில் நீதி, பாம்பு சுற்றிய கோல் எனில் மருத்துவம் எனப் பொருள் கூறி அமைந்துவிடுகிறோம். இவ்விளக்கம் போதாது என்பதே நம் கருத்து. சின்னம், தொழிலைக் காட்டுவதைவிட, அத்தொழிலினர் சமுதாயத்தில் வேண்டிநின்ற இடத்தையே மிகுதியும் காட்டுகின்றது. இதனை இலண்டன் மருத்துவத் துறையின் மூன்று அமைப்புகளை முன்வைத்து ஆராய்ந்து, பின்னர்த் தமிழகத்துச் சித்திரமேழியோடு ஒப்புநோக்குவோம்.

மூன்று கேடயங்கள்

இங்கிலாந்தில் கேடயச் சின்னம் முதலில் போர்வீரர்க்கும் உயர்குடியினர்க்கும் உரியதாக இருந்தது. பின்னரே நகரத் தொழிலமைப்புகளுக்கும் அது வழங்கப்பட்டது. எனவே, சின்னம் பெறுவதே ஒரு தகுதிப்பேறாகக் கருதப்பட்டது.

இலண்டன் நாவிதர் அமைப்பு 1451இல் பெற்ற சின்னத்தில் குருதி வடிக்கும் கத்திகள் மூன்று உள்ளன. அக்கால நாவிதர் முடி மழித்தலோடு குருதி வடித்தலையும் செய்துவந்தனர். எனினும் மழிக்கும் கத்தி கேடயத்தில் இடம்பெறவில்லை. இரு தொழில்களுள் மருத்துவத்தைச் சார்ந்த கருவியே தெரிவு செய்யப்பட்டமை நோக்கத்தக்கது.

எட்டாம் ஹென்றியின் பட்டயத்தால் 1518இல் நிறுவப்பெற்ற மருத்துவர் கல்லூரி, 1546இல் சின்னம் பெற்றது. முகிலிலிருந்து இறங்கும் கை ஒன்று மற்றொரு கையின் நாடியைப் பற்றியிருக்கிறது. கீழே பொன்னிற மாதுளங்கனி உள்ளது. இங்குக் கருவியே இல்லை. பல்கலைக்கழகக் கல்வி பெற்ற இம்மருத்துவர்கள் அறுவையைக் கைவினையாகக் கருதி ஒதுங்கியவர்கள். நாடி பார்த்தலோ கையால் செய்யப்படும் அறிவுத்தொழில். அக்கை முகிலிலிருந்து வருவதால், அவ்வறிவும் மேலிருந்து அருளப்பட்டதாகிவிடுகிறது.

மருந்தாளுநர் நிலை வேறு. மளிகை வணிகர் அமைப்பில் அடங்கியிருந்த இவர்கள், 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் தனிப்பட்டயம் பெற்றுப் பிரிந்தனர். கடையை நினைவூட்டும் உரலும் தராசும் இவர்கள் கேடயத்தில் இல்லை. மாறாக, கிரேக்கத் தெய்வமாகிய அப்பல்லோ வில்லேந்திப் பெரும்பாம்பை வென்று நிற்கிறான்; பாம்பு நோயின் குறியீடு. மருந்து விற்போர் என்னும் நிலையினின்று நோய் தீர்ப்போர் என்னும் நிலைக்கு உயர விழைந்ததன் வெளிப்பாடு இது. மருந்தாளுநர் நோயாளிக்கு மருந்து வகுத்துக் கொடுக்கலாம் என்பதைப் பிரபுக்கள் அவை ஏற்றது 1704ஆம் ஆண்டு ரோஸ் வழக்கில்தான். சட்டம் 1704இல் ஒப்பியதைச் சின்னம் 1617இலேயே கோரிவிட்டது எனலாம்.

சித்திரமேழி

இடைக்காலத் தமிழகத்தில் வேளாண் தொழிலினரின் பேரமைப்பாக விளங்கிய சித்திரமேழிப் பெரியநாடு, கலப்பையையே பெயரிலும் சின்னத்திலும் கொண்டது. மேலைநாட்டார் மறைத்த கருவியைத் தமிழர் தலைமேற்கொண்டனர் எனப் பெருமிதம் கொள்வது எளிது. அது முழுமையான வாசிப்பன்று. முதலாவதாக, நாவிதர் சின்னம் காட்டுவதுபோல் மேலைநாட்டிலும் கருவி எங்கும் மறைக்கப்படவில்லை. இரண்டாவதாக, பெரியநாட்டில் முதன்மை பெற்றோர் நிலவுடைமையாளர். ஏர்பிடித்த கைகள் எல்லாம் அங்கு இடம்பெற்றன எனக் கொள்ள இயலாது. மேலும், அவ்வமைப்பின் மெய்க்கீர்த்தி அதன் உறுப்பினரை நிலமகளின் மக்கள் எனப் போற்றுகிறது. மருந்தாளுநர்க்கு அப்பல்லோ எவ்வாறோ, பெரியநாட்டார்க்கு நிலமகள் அவ்வாறே. ஆகவே மேழியும் உழைப்பின் படமாக மட்டும் நில்லாது, நிலத்தின்மீதான உரிமைக் கூற்றாகவும் அமைகிறது.

முடிவுரை

சின்னத்தில் உள்ளது யாது என்னும் வினாவோடு, விடப்பட்டது யாது, யாரை நோக்கி அது பேசுகிறது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். வகுப்பறையில் கல்வெட்டையும் மெய்க்கீர்த்தியையும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இம்முறை பெரிதும் பயன்படும். மேழியைப் போற்றும் மாணவன், அதைப் பிடித்தவன் யார் என்றும் கேட்கப் பழகவேண்டும். அவ்வினா மேழியின் பெருமையைக் குறைக்காது. வரலாற்றில் பெயர் பொறிக்கப்படாதோரையும் நம் பார்வைக்குள் கொண்டுவரும்.