டைல்ஸ் மேல் ஒரு கோட்

சமீபகாலமாக ஒரு வகை வீடியோ எல்லோருடைய போனிலும் வந்து விழுகிறது. பழைய பாத்ரூம். சுவரில் வெளிர்பச்சை டைல்ஸ், நடுநடுவே ரோஜாப்பூ. ஒரு பெண் ரோலரை எடுக்கிறார். பின்னணியில் கிட்டார். நாற்பது விநாடியில் பச்சை போய் வெள்ளை. வெள்ளையின் மேல் அட்டை வைத்துக் கறுப்பில் நட்சத்திரக் கோலம். மூலையில் ஒரு தொட்டிச் செடி. சுபம்.

சினிமாவை, நாவலை எல்லாம் விமர்சிக்கிறோம். இதையும் ஒரு கலை வடிவமாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம், தப்பில்லை. இதன் முதல் குறை, சுவரில் முதல் பக்கெட் தண்ணீர் படுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது என்பது. 'முன்', 'பின்' என்று இரண்டு படம் காட்டுகிறார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்த மூன்றாவது படத்தை யாரும் காட்டுவதில்லை. கல்யாணத்தோடு முடிகிற பழைய படங்கள் மாதிரி.

மூன்றாவது படத்தை நான் பார்த்திருக்கிறேன். நங்கநல்லூரில் வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒருவர், வீடியோ பார்த்துவிட்டு சமையலறை டைல்ஸுக்குத் தானே வெள்ளை அடித்தார். முதல் மாதம் போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஆறாவது மாதம் ஸிங்க் பக்கத்தில் கொப்புளம். அடுப்புக்குப் பின்னால், தாளிக்கிற இடத்தில், எண்ணெயும் மஞ்சளும் இறங்கி ஒரு உலக வரைபடம். வீட்டில் இருந்த நாலு வயசு வாண்டு நகத்தால் சுரண்ட, வெள்ளை முழுசாக உரிந்து வந்தது, பாலாடை மாதிரி. கீழே பழைய பச்சை பளபளவென்று அப்படியே இருந்தது. கூப்பிட்டு வந்த பெயின்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கண்ணாடில அடிச்சா எப்டி சார் நிக்கும்?"

பெயின்டர் சொன்னது சத்தியமான விஞ்ஞானம். டைல்ஸின் உடம்பு சுட்ட மண். மேலே இருக்கிற பளபளப்பு, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் உருகி உறைந்த கண்ணாடி. சுண்ணாம்புச் சுவருக்கு நுண்ணிய துளைகள் உண்டு. பெயின்ட் அதில் வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் வேர் விட இடம் இல்லை, சும்மா மேலே படுத்துக்கொண்டிருக்கும். அதோடு தண்ணீர் முன்பக்கமாக மட்டும் வருவதில்லை. டைல்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகப் பின்னால் போய், அங்கிருந்து உப்போடு வெளியே தள்ளும். சென்னை போர் தண்ணீரின் உப்பு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய் மூக்கைப் பார்த்தாலே தெரியும்.

அப்படியானால் அடிக்கவே முடியாதா? முடியும். ஆனால் வீடியோ தாண்டிப் போகிற பகுதியில்தான் வேலையே இருக்கிறது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை வாஷிங் சோடா போட்டுத் தேய்க்க வேண்டும். ஓரங்களில் சிலிகான் அடைத்திருந்தால் முழுக்க எடுத்துவிட வேண்டும், அதன் மேல் எந்த பெயின்ட்டும் ஒட்டாது. பிறகு உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். எல்லா டைல்ஸையும், எல்லா மூலையையும். தோள்பட்டை விட்டுப்போகும். அப்புறம் நன்றாகக் காயவிட்டு, கண்ணாடியிலும் பிடிக்கிற ஸ்பெஷல் பிரைமர். அதன் மேல் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி. கலந்த பிறகு அது காத்திருக்காது, போன் வந்தால் எடுக்காதீர்கள். முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் அந்த பாத்ரூமில் குளிக்கக் கூடாது. ஒரே ஒரு பாத்ரூம் இருக்கிற வீட்டில் இதை மாமியாரிடம் யார் சொல்வது?

இவ்வளவும் செய்தாலும், ஷவருக்கு நேர் கீழே நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். கை கழுவுகிற இடத்துக்கு மேல், சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச் சுவர் என்றால் சரி. உடைத்துப் புதுசு போட வசதி இல்லாதவர்களுக்கு, வீட்டுக்காரர் உடைக்க விடாதவர்களுக்கு, இது நியாயமான வழிதான். உடைப்பது என்றால் சும்மாவா? டைல்ஸோடு பூச்சும் பெயர்ந்து வரும், உள்ளே புதைத்த பைப் ஒன்று வாயைப் பிளக்கும்.

என் சண்டை வேறு. உரிந்து போகிறது என்பது தொழில் பிரச்னை. யாராவது நாளைக்கு உரியாத பெயின்ட் கண்டுபிடிப்பார்கள். எதை மூடுகிறோம் என்று பார்க்காமலே மூடுவதுதான் இந்த வடிவத்தின் இரண்டாவது குறை. வீடியோவில் வருகிற எல்லா பாத்ரூமும் கடைசியில் ஒரே பாத்ரூம் ஆகிவிடுகிறது. வெள்ளை, சாம்பல், ஒரு செடி. 1980-களில் லோன் போட்டு வீடு கட்டிய ஒரு குமாஸ்தா, கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கிய ஆறுக்கு ஆறு பச்சை டைல்ஸில் அவருடைய ருசி இருந்தது. மோசமான ருசியாகவே இருக்கட்டும். பழக்கூடை படம் போட்ட ஹைலைட்டரை நான் ரசிக்கவில்லை. ஆனால் அது அவர் பொறுக்கியது. (பிள்ளையார் படம் போட்ட டைல் மேல் மட்டும் எந்த பெயின்டரும் பிரஷ் வைக்க மாட்டார். சுற்றி அடித்துவிட்டுப் போய்விடுவார். பழக்கூடைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.)

ருசி நல்லதாகவும் இருந்து, அதன் மேல் அடித்துவிட்டால்? செட்டிநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். முகப்பிலும் வளவிலும் பூவும் கொடியும் பறவையுமாகச் சுவர் டைல்ஸ். பாதிப் பேர் ஆத்தங்குடி என்று நினைக்கிறார்கள். ஆத்தங்குடி தரைக்கு, அது சிமெண்ட், சூளை காணாதது. சுவரில் இருக்கும் மஜோலிகா டைல்ஸ் கப்பலில் வந்தவை. முதலில் இங்கிலாந்திலிருந்து. 1914-ல் ஆரம்பித்த உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட, ஜப்பான்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். அவாஜி தீவின் டான்டோ போன்ற கம்பெனிகள் நம் ஊருக்கென்றே சாமி படம் போட்டும் அனுப்பின. சிங்கப்பூர், பினாங்கு வீடுகளின் வாசலிலும் இதே ஜப்பான் டைல்ஸ் உண்டு.

மஜோலிகாவின் ரகசியம் அதன் மேடு பள்ளம். அச்சில் புடைப்பாக அழுத்திய மண்ணின் மேல், உள்ளே தெரிகிற மாதிரி நிறக் கண்ணாடியை ஊற்றிச் சுடுகிறார்கள். உருகும்போது அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் மெல்லிசு, பள்ளத்தில் அடர்த்தி. ஒரே ஒரு பச்சை, ஒரு இலைக்குள் நாலு பச்சையாகத் தெரிவது இதனால்தான். வெயில் திரும்பத் திரும்ப இலையும் திரும்பும். இதன் மேல் எனாமலை ஒரு கோட் இழுத்தால் நாலு பச்சையும் போச்சு, வெறும் புடைப்பு மிஞ்சும், அம்மைத் தழும்பு மாதிரி.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்தது. முகப்புச் சுவர் முழுக்க ஆகாய நீல எனாமல். ஆச்சியிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு அடிச்சது தம்பி. ரெண்டு கல்லு ஒடஞ்சு போச்சு. அதே மாதிரி எங்க கெடைக்கும்? ரெண்டு மட்டும் வேறயா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்னு பங்காளிக எல்லாமாச் சேந்து ஒரேயடியா அடிச்சுப்பிட்டாக" என்றார். ரெண்டு கல்லுக்காக ஒரு சுவர்.

ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பல பங்காளிகளுக்குப் பொதுவான அவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. போர்ச்சுகலில் தெருப்பக்கச் சுவரில் பழைய டைல்ஸ் இருந்தால் இஷ்டத்துக்குப் பெயர்க்கக் கூடாது என்று 2017-ல் நாடு முழுவதுக்கும் சட்டமே போட்டார்கள். நம் ஊரில் அதே சரக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் தனித்தனிக் கல்லாக விலைக்குக் கிடைக்கிறது. ஆச்சி வீட்டுக்கு வேண்டிய ரெண்டு கல்லும் ஒருவேளை அங்கேயே இருந்திருக்கும்.

நங்கநல்லூர் நண்பருக்குப் பாதகமான அதே விஞ்ஞானம் ஆச்சிக்குச் சாதகம். கண்ணாடியில் பெயின்ட் நிற்காதல்லவா, அந்த நீலமும் நின்றபாடில்லை. மேல் கண்ணாடி சேதமாகாத டைல்ஸில் எனாமலை எடுத்துவிடலாம். அவசரப்படக் கூடாது. உப்புத்தாள், கம்பி பிரஷ், ஆசிட் மூன்றும் கூடாது. பெயின்ட்டோடு இலையும் போய்விடும். பெயின்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, மரச்சீவலாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மெதுவாகத் தள்ள வேண்டும். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கல்லில் செய்து பாருங்கள். இன்னொன்று முக்கியம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் என்றால் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூசு பறக்கச் சுரண்டாமல் ஈரத்தோடு எடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நங்கநல்லூரில் இப்போது வெள்ளை முழுசாக எடுத்தாகிவிட்டது. பாதி வேலையை வாண்டுவே முடித்திருந்தான். இடுக்கில் கறுத்துப்போன பழைய சிமெண்ட்டைக் கீறி எடுத்துவிட்டுப் புது கிரவுட் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பச்சை டைல்ஸ் எதிர் வீட்டுக்காரர் விலை விசாரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.